ஒரு காலத்தில் உலகிலேயே வேகமான விமானம் ஏன் தண்ணீரில் இறங்குகிற விமானமாக இருந்தது?

கித்தாமரத்தடி (சுங்கை சிப்புட்)

வணக்கம். பிளாஸ்டிக் விமான மாடல் ஒட்டுவது என் பொழுதுபோக்கு. எங்கள் தோட்டத்துப் பக்கம் இந்தப் பைத்தியம் பிடித்த ஆள் வேறு யாரும் கிடையாது, வீட்டில் பேச ஆரம்பித்தால் பேச்சு பசை நாற்றத்தில்தான் போய் முடிகிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

கொஞ்ச நாளாக ஷ்னைடர் கோப்பைப் பந்தய விமானங்களைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் பறந்த மிதவை விமானங்கள். அந்தக் காலத்து வேகச் சாதனைகளைத் தேதி வாரியாக எழுதிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 1927 நவம்பரில் இத்தாலிக்காரர் டி பெர்னார்டி மாக்கி எம்.52இல் மணிக்கு 479 கிலோமீட்டர். அடுத்த மார்ச்சில் அவரே 512. 1929இல் ஆங்கிலேயர் ஆர்லபார் சூப்பர்மரின் எஸ்.6இல் 575. 1931இல் ஸ்டெயின்ஃபோர்த் எஸ்.6பியில் 655. 1934 அக்டோபர் 23 அன்று அஜெல்லோ மாக்கி எம்.சி.72இல் 709. இத்தனையும் மிதவை விமானங்கள். 1939 மார்ச்சில் ஜெர்மனியின் ஹைன்கெல் வந்து 746 தொடும் வரைக்கும், பதினோரு வருஷத்துக்கு மேல், சக்கரம் வைத்த எந்த விமானமும் இவற்றை எட்டவில்லை.

1935இல் ஹோவர்ட் ஹியூஸ், சக்கரத்தை மடித்து உள்ளே வைக்கிற, பார்க்கவே வழவழப்பான ஒரு விமானத்தைக் கட்டித் தரை விமானச் சாதனை வைத்தாரே, அது எவ்வளவு தெரியுமா? 567தான். முந்தின வருஷமே கீழே இரண்டு பெரிய மிதவைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் 709இல் போய்விட்டார். 140 கிலோமீட்டர் வித்தியாசம்! மிதவை என்றால் காற்றில் இழுவைதானே கூட வேண்டும்? எப்படி இது நடந்தது?

அப்புறம் இன்னொன்று. என் கையில் இருக்கும் காசுக்கு ஒரு மாடல் கிட்தான் வாங்க முடியும். எஸ்.6பியா, எம்.சி.72ஆ? நீங்களாக இருந்தால் எதை அலமாரியில் வைப்பீர்கள்?

ஈயக்குட்டை பைலட் (பத்து காஜா)

நல்ல கேள்வி தம்பி. நானும் ரெண்டு மூணு கூட்டாளிகளும் பழைய ஈயக்குட்டைகளில் ரிமோட் மிதவை விமானம் விடுகிறவர்கள், அதனால் இந்த விஷயத்தைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லலாம்.

மிதவை இழுவைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பதிலாக என்ன கிடைத்தது என்று பார். அந்தக் கால புரொப்பெல்லரின் கோணத்தைப் பறக்கும்போது மாற்ற முடியாது. உச்ச வேகத்துக்கு ஏற்ற மாதிரி கோணத்தைக் கூட்டி வைத்துவிட்டால் கிளம்பும்போது அது காற்றைச் சரியாகப் பிடிக்காமல் சும்மா கடையும், விமானம் நகரவே யோசிக்கும். வேகத்துக்காக இறக்கையையும் சின்னதாக வெட்டிவிடுகிறார்கள், மெதுவாக எழும்பி இறங்க உதவுகிற இறக்கை மடலான ஃபிளாப்பும் கிடையாது, ஆக எழும்பவும் இறங்கவும் பயங்கர வேகம் வேண்டும். 1920களின் புல்வெளி ஓடுபாதையில் இதெல்லாம் நடக்கிற காரியமா? தண்ணீரில் நடக்கும். கடலோ ஏரியோ, மைல் கணக்கில் ஓடலாம், எந்தத் திசையில் காற்று அடித்தாலும் அந்தத் திசைக்குத் திரும்பிக்கொள்ளலாம். 1930களின் நடுவில் கோணம் மாற்றக்கூடிய புரொப்பெல்லரும் ஃபிளாப்பும் நீண்ட கான்கிரீட் ஓடுபாதையும் வந்தன, மிதவையின் சலுகை போய்விட்டது. அவ்வளவுதான் ரகசியம்.

சரி, பாதி ரகசியம். மீதிப் பாதி பணம். ஹியூஸ் சொந்தக் காசில் கட்டினார், அவருடைய எஞ்சின் ஆயிரத்தை ஒட்டிய குதிரைத்திறன். அஜெல்லோவுக்குப் பின்னால் ஒரு அரசாங்கமே நின்றது, எஞ்சின் 3,000ஐத் தாண்டியது. மூன்று மடங்கு பலத்தை வைத்துக்கொண்டு மிதவையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடலாம்.

அந்த மிதவையையும் அவர்கள் சும்மா தொங்கவிடவில்லை. எரிபொருளை அதற்குள்தான் ஊற்றினார்கள், அதனால் உடல் பகுதியை ஒல்லியாக்க முடிந்தது, எஸ்.6க்கு முந்தின எஸ்.5இல் விமானி தோளைக் குறுக்கிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். ரேடியேட்டர் என்று தனியாக ஒன்று காற்றில் நீட்டிக்கொண்டு நிற்காது. இறக்கையின் தோலே ரேடியேட்டர், கொதிக்கிற தண்ணீர் இறக்கைக்குள் ஓடி ஆறித் திரும்பும். எஸ்.6பியில் அதுவும் போதாமல் மிதவைகளின் மேல்புறத்திலும் தண்ணீரை ஓடவிட்டார்கள், எண்ணெயை உடலின் பக்கவாட்டில் கொண்டுபோய் வால் துடுப்புக்குள் ஏற்றி ஆற வைத்தார்கள். எனக்கு இதுதான் உச்சம். அந்த விமானத்தில் சும்மா இருக்கிற பாகமே கிடையாது. விமானி வேகமானியை விட வெப்பமானியைத்தான் அதிகம் பார்த்தார், சூடு ஏறினால் திராட்டிலைக் குறைத்தே ஆக வேண்டும்.

அப்புறம் முறுக்கு விசை. ஒற்றைப் புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுழன்றால் உடல் மறுபக்கம் சாயப் பார்க்கும், இடது மிதவை தண்ணீரில் அமுங்கும், விமானம் எழும்பாமல் வட்டமடிக்கும். 1929இல் எஸ்.6 முதலில் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அதை வரைந்த மிட்செல் என்ன செய்தார், வலது மிதவையில் எரிபொருளைக் கூடுதலாக ஊற்றச் சொன்னார். தோளில் வைத்த காண்டா கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளி தூக்கிய நம் பாட்டிகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீர் எழும்ப நல்லது என்று நினைப்பீர்கள். நேர்மாறு. கொஞ்சம் சிற்றலை இருந்தால்தான் மிதவை தண்ணீரிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், சலனமில்லாத நீர் விடவே விடாது. இறங்கும்போது இன்னும் மோசம், தண்ணீர் எந்த உயரத்தில் இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது. நான் குட்டையில் ஒரு மாடலைத்தான் இழப்பேன். அவர்கள் உயிரை வைத்து ஆடினார்கள். 1928 மார்ச்சில் கின்கேட் எஸ்.5இல் சாதனைக்கு முயன்றபோது கடலில் விழுந்து இறந்தார். 1931 ஆகஸ்ட்டில் பிரின்டன் என்ற இளம் அதிகாரி எஸ்.6ஏயில் எழும்பும்போதே துள்ளித் துள்ளி விழுந்து செத்துப்போனார்.

கிட்? எஸ்.6பி. யோசிக்கவே வேண்டாம்.

கார்டா ஏரி ரசிகன் (ஈப்போ)

அண்ணே, இந்த ஊரில் எல்லோரும் ஆங்கிலேயன் கட்டியதைத்தான் புகழ்வார்கள், பழக்க தோஷம். நான் இத்தாலிக்கு ஓட்டுப் போடுகிறேன்.

முதலில் 1931 பந்தயத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஐந்து வருஷத்துக்குள் மூன்று முறை ஜெயித்தால் கோப்பை நிரந்தரமாகச் சொந்தம் என்பது விதி. பிரிட்டன் 1927இல் வெனிஸிலும் 1929இல் கால்ஷாட்டிலும் ஜெயித்துவிட்டது. 1931 செப்டம்பர் 13இல் மூன்றாவது முறை. எதிராளி யார்? யாரும் இல்லை! இத்தாலியும் பிரான்சும் விமானம் தயாராகவில்லை, தள்ளி வையுங்கள் என்று கேட்டன, முடியாது என்றுவிட்டார்கள். பிரிட்டிஷ் விமானி பூத்மன் தனியாகப் பறந்து, ஏழு சுற்றை 547 கிலோமீட்டர் வேகத்தில் முடித்து, கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். சட்டப்படி சரிதான். ஆனால் 1924இல் என்ன நடந்தது தெரியுமா? மற்ற நாடுகள் வர முடியாத நிலையில் அமெரிக்கா தன்னந்தனியாகப் பறந்து ஜெயித்திருக்கலாம், வேண்டாம் என்று பந்தயத்தையே விட்டுக்கொடுத்தது. அடுத்த வருஷம் பால்டிமோரில் ஜிம்மி டூலிட்டில் நேர்மையாகவே ஜெயித்தார். அந்தப் பெருந்தன்மையை 1931இல் காணோம்.

இத்தாலிக்காரர்கள் தயாராக முடியாமல் போனதற்குக் காரணமே எம்.சி.72இன் எஞ்சின்தான். ஃபியட் ஏ.எஸ்.6, இரண்டு பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை ஒன்றின் பின்னால் ஒன்றாக வைத்து 24 சிலிண்டர், சுமார் 50 லிட்டர். மூக்கில் இரண்டு புரொப்பெல்லர், ஒன்று இடம் ஒன்று வலம், எதிரெதிராகச் சுழலும். ஈயக்குட்டை அண்ணன் சொன்ன முறுக்கு விசை அங்கேயே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், மிதவையில் எரிபொருளை ஏற்றக்குறைய ஊற்ற வேண்டிய தேவையே இல்லை. எனக்கு எம்.சி.72 பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான். பிரச்சினையைச் சமாளித்த மிட்செலைவிட, எம்.சி.72ஐ வரைந்து பிரச்சினையையே இல்லாமல் செய்த கஸ்தோல்டி எனக்கு ஒரு படி மேல்.

ஆனால் அந்த எஞ்சின் தரையில் ஒழுங்காக ஓடும், வானத்தில் வெடிக்கும். 1931 ஆகஸ்ட்டில் விமானி மோன்டி இறந்தார், செப்டம்பரில் பெல்லினி. காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியது, வேடிக்கையைப் பாருங்கள், ராட் பேங்க்ஸ் என்கிற ஆங்கிலேய எரிபொருள் நிபுணர், ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினுக்கு பென்சோல், மெத்தனால் எல்லாம் கலந்து கொடுத்த அதே ஆள். பறக்கும்போது முன்னாலிருந்து வரும் காற்று உறிஞ்சுகுழாய்க்குள் அழுத்தமாகப் புகுந்து காற்று–எரிபொருள் கலவையைக் கெடுக்கிறது, சோதனை மேடையில் நிற்கும்போது அந்தக் காற்று இல்லை, அதனால் தரையில் குறையே தெரியவில்லை. மேடையிலேயே அந்த வேகத்தில் காற்றை ஊதிச் சோதியுங்கள் என்றார். அதற்கப்புறம் சரியானது.

பந்தயம் முடிந்து கோப்பையும் போய்விட்டது. இனி ஜெயிக்க ஒன்றுமே இல்லை என்ற நிலையிலும் விடாமல் மூன்று வருஷம் உழைத்தார்கள். அஜெல்லோ குள்ளமான ஆள், 1933 ஏப்ரலில் முதல் முறை 682 தொட்டபோது வெறும் வாரண்ட் ஆபிசர். அடுத்த வருஷம் கார்டா ஏரியில் 709. புரொப்பெல்லர் வைத்த கடல் விமானத்தில் அதை முந்தியவர் இன்று வரைக்கும் யாருமில்லை. தொண்ணூறு வருஷம் ஆகிவிட்டது. எஸ்.6பியின் 655 மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. சொல்லுங்கள், எதை அலமாரியில் வைப்பது?

ஈயக்குட்டை பைலட் (பத்து காஜா)

யாரும் முந்தவில்லை என்றால் யாரும் முயற்சி செய்யவில்லை என்றும் அர்த்தம் இருக்கிறது தம்பி. 1939க்குப் பிறகு எந்த நாட்டுக்கு மிதவை வைத்து வேகம் காட்டத் தேவை இருந்தது? எம்.சி.72 பெரிய விமானம்தான், ஒப்புக்கொள்கிறேன். தொண்ணூறு வருஷம் என்பதை மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கவும்.

லயத்து வாசகி (சுங்கை சிப்புட்)

நானும் சுங்கை சிப்புட்தான். தமிழ்ப்பள்ளியில் வேலை. விமானம் பற்றி உங்கள் அளவுக்குத் தெரியாது, ஆனால் 1931 என்ற வருஷத்தைக் கேட்டாலே எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வரும், அதைச் சொல்லாமல் போக மனசில்லை.

அந்த வருஷம் பிரிட்டிஷ் அரசாங்கத்திடம் பந்தயத்துக்குக் காசில்லை. பிரதமர் ராம்சே மெக்டொனால்டு கைவிரித்துவிட்டார். அப்போதுதான் லேடி ஹூஸ்டன், கப்பல் முதலாளி ஒருவரின் விதவை, ஒரு லட்சம் பவுன் எடுத்துக் கொடுத்தார். விமானத்தின் மேல் ஆசையா, மெக்டொனால்டின் மேல் வெறுப்பா என்றால், இரண்டாவது கொஞ்சம் தூக்கல் என்றுதான் படுகிறது. செப்டம்பர் 13 பந்தயம். செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் பவுனைத் தங்கத்தோடு கட்டி வைத்திருந்த தங்க நாணய முறையைக் கைவிட்டது. செப்டம்பர் 29 அன்று ஸ்டெயின்ஃபோர்த் 655 கிலோமீட்டரில் பறந்தார். மூன்றும் ஒரே மாதத்தில். கஜானா காலி, வானத்தில் சாதனை.

நம் மலாயாப் பக்கம் அப்போது என்ன நடந்தது? 1925இல் ஒரு பவுண்டு ரப்பர் 4 ஷில்லிங்கைத் தாண்டி விற்றது, 1932இல் 2 பென்ஸுக்கும் கீழே விழுந்தது. தோட்டங்களில் சம்பளத்தை வெட்டினார்கள், பால் எடுக்க மரம் சீவுவதை நிறுத்தினார்கள், ஆயிரக்கணக்கில் நம் ஆட்களைப் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் மதராசுக்கும் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் குடும்பம் அப்படிப் போனதுதான், பிறகு தொடர்பே இல்லை. இவர் மட்டும் எப்படித் தப்பி இங்கே நின்றார் என்று வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

விமானத்தை ரசிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எனக்கும் அந்தப் படங்கள் பிடித்திருக்கின்றன, குறிப்பாக அந்த நீலமும் வெள்ளியும். ஆனால் மாடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வைப்பீர்கள் அல்லவா, அதில் வேகத்தை எழுதும்போது யார் காசு கொடுத்தார்கள், அது எந்த வருஷம் என்பதையும் எழுதுங்கள். விமானத்துக்குக் காசு வசூலிப்பது நம் பேராக் மாநிலத்துக்கும் புதிதில்லை. பத்து காஜாவில் இருந்த ஆல்மா பேக்கர் என்ற தோட்ட முதலாளி முதல் உலகப் போர்க் காலத்திலேயே போர் விமானங்களுக்கு நிதி திரட்டியவர்.

கித்தாமரத்தடி (சுங்கை சிப்புட்)

டீச்சர், அட்டை விஷயம் நிச்சயம் செய்கிறேன். நீங்கள் நம்ம ஊர்தான் என்று தெரிந்ததில் ரொம்ப சந்தோஷம், மாடல் முடிந்ததும் பள்ளிக்கு எடுத்து வருகிறேன், பிள்ளைகள் தொட்டுப் பார்க்காமல் இருந்தால் சரி. ரெண்டு அண்ணன்களுக்கும் நன்றி, ஆனால் இப்போது முன்னைவிடக் குழப்பம் அதிகமாகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயருக்கு எஸ்.6பிதான் அப்பா என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்களே, அதற்காகவே அதை வாங்கலாமா என்று ஒரு யோசனை.

பழைய மெக்கானிக் (தைப்பிங்)

அதற்காக மட்டும் வாங்காதே தம்பி, அந்தக் கதையில் பாதிதான் உண்மை.

இரண்டையும் வரைந்தது ஆர். ஜே. மிட்செல், இரண்டையும் கட்டியது சூப்பர்மரின், இரண்டிலும் ரோல்ஸ் ராய்ஸ். அது வரைக்கும் சரி. ஆனால் எஸ்.6பியின் மிதவையைக் கழற்றிச் சக்கரம் மாட்டினால் ஸ்பிட்ஃபயர் வந்துவிடும் என்பது சும்மா கதை. இறக்கை வேறு, கட்டுமானம் வேறு. நடுவில் 1934இல் டைப் 224 என்று மிட்செல் ஒரு போர் விமானம் கட்டினார், மடங்காத சக்கரம், ஆவியாக்கிக் குளிர வைக்கிற ஏற்பாடு, இறக்கை வேறு வளைந்திருக்கும். மந்தமாகப் பறந்தது, எஞ்சின் சூடேறிக்கொண்டே இருந்தது, ஒருவருக்கும் பிடிக்கவில்லை. கோப்பை ஜெயித்த கையாலேயே கட்டியதுதான் அதுவும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக யோசித்த பிறகுதான் 1936 மார்ச் 5 அன்று ஸ்பிட்ஃபயர் பறந்தது. மிட்செல் அடுத்த வருஷமே புற்றுநோயில் போய்விட்டார், 42 வயது.

எஞ்சினும் அப்படித்தான். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினை, எஸ்.6பியில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் ஆர் எஞ்சினின் பிள்ளை என்பார்கள். அளவை வைத்துப் பார்த்தால் பின்னால் வந்த கிரிஃபன் எஞ்சின்தான் நெருங்கிய சொந்தம், அதே துளை, அதே வீச்சு, அதே 36.7 லிட்டர். ஆர் எஞ்சின் 1931இல் 2,350 குதிரைத்திறன் கொடுத்தது, ஆனால் எதிர்பார்த்தது ஒரு மணி நேர ஓட்டம்தான். ஒரு மணி நேரம் தாங்கினால் போதும் என்று கட்டுகிற எஞ்சினும் போருக்குக் கட்டுகிற எஞ்சினும் ஒன்றாகுமா? பந்தயத்தில் அவர்கள் கற்றது எது முதலில் உடையும், எந்த எரிபொருள் தாங்கும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சூப்பர்சார்ஜரை எவ்வளவு நெருக்கலாம் என்கிற மாதிரி விஷயங்கள். நாற்பது வருஷம் ஆலையில் எஞ்சின் பிரித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அந்த மாதிரிப் படிப்புக்கு விலையே கிடையாது, படத்தில்தான் தெரியாது.

நம் பக்கத்துத் தொடர்பு வேண்டுமென்றால் வேறு ஒன்று இருக்கிறது. மிட்செல் வரைந்த சவுத்தாம்டன் என்ற பறக்கும் படகுகள் நான்கு, 1927 அக்டோபரில் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பி, கேவ்-பிரவுன்-கேவ் தலைமையில் 1928 பிப்ரவரி கடைசியில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பிறகு ஆஸ்திரேலியாவையும் சுற்றிவிட்டு சிங்கப்பூர் செலத்தாரிலேயே தங்கிவிட்டன. வேகமே இல்லாத, இரட்டை இறக்கை வைத்த, பெரிய மரியாதைக்குரிய படகுகள். ஷ்னைடர் இந்தப் பந்தயத்தை ஆரம்பித்ததே இப்படிப்பட்ட விமானங்கள் வளர வேண்டும் என்றுதான், உலகத்தில் முக்கால்வாசி தண்ணீர், அதையே விமான நிலையமாக்கிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். பந்தயம் நேர்மாறான திசையில் ஓடி, ஒரு ஆள் மட்டும் சிரமப்பட்டு உட்காரக்கூடிய ராக்கெட்டுகளில் முடிந்தது. அவர் 1928இல் வறுமையில் இறந்துபோனார், எஸ்.6ஐக்கூடப் பார்க்கவில்லை.

கிட் விஷயம்: எம்.சி.72 வாங்கு. காரணம் வேகமும் இல்லை, வரலாறும் இல்லை. உடலும் மிதவையும் சிவப்பு, இறக்கை முழுக்கப் பித்தளை நிறம், ஏனென்றால் ரேடியேட்டர் தகட்டுக்கு அவர்கள் பெயின்ட் அடிக்கவில்லை. எஸ்.6பியை யார் வேண்டுமானாலும் நீலம் அடித்து முடித்துவிடலாம், இதில் கைவேலை தெரியும். உண்மையான விமானம் ரோமுக்குப் பக்கத்தில் விக்னா டி வல்லே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதன் படங்களை வைத்துக்கொண்டு நிறம் கல. பித்தளையை முதலில் அடித்துக் காயவிட்டு, டேப் ஒட்டி மறைத்து, அப்புறம் சிவப்புக்குப் போ. மாற்றி அடித்தால் சிவப்பு பித்தளைக்குள் கசியும், நம் ஊர் ஈரத்தில் ரெண்டு நாளாவது காயவிடு.

கார்டா ஏரி ரசிகன் (ஈப்போ)

ரெண்டுக்கு ஒண்ணு. எம்.சி.72 ஜெயித்தது.

ஈயக்குட்டை பைலட் (பத்து காஜா)

டிசம்பரில் போனஸ் வந்ததும் எஸ்.6பியையும் வாங்கிவிடுவான், பாருங்கள்.